வீட்டுப் பவளத் தொட்டியும் அதன் நிலைபேறும்

கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி, அதனுள் பவளம், மீன், பாசி முதலிய உயிர்களை வளர்க்கும் கலை உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்களும் இக்கலையில் இறங்கும்போது முதலில் தோல்வியே காண்கின்றனர். நீர் தெளிவாக இருக்கிறது. விளக்கு பிரகாசமாக எரிகிறது. சோதனையில் எல்லா அளவுகளும் சரியாகவே தென்படுகின்றன. ஆயினும் சில மாதங்களில் பவளம் நிறம் மங்கிச் சுருங்கிவிடுகிறது. இதன் காரணம் யாது? அளவு சரியாக இருத்தல் வேறு, அளவு மாறாது இருத்தல் வேறு என்பதை அறியாமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் நாட்டில் பவளங்களைச் சட்டம் பாதுகாக்கின்றது. ஆதலின் இந்திய வாசகர் இப்பாடத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இறுதியில் காண்போம்.

கடலும் தொட்டியும்

ஆழ்கடலை அடுத்துள்ள பவளப் பாறைகளைச் சூழ்ந்த நீரின் தன்மை நாளுக்கு நாள் மிகச் சிறிதே மாறுகிறது. அங்கே ஒரு மீன் இறந்து அழுகினால் அதன் கழிவு அளவிறந்த நீரில் கலந்து மறைந்துவிடும். வெயிலில் ஆவியாகும் நீரால் கடலின் உப்பு உணரத்தக்க அளவு உயர்வதில்லை. கடலின் நிலைபேற்றிற்கு அதன் பருமனே முதற் காரணமாகும்.

வீட்டுத் தொட்டிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 200 லிட்டர் நீரில் ஒரு சிறு மீன் இறந்து கிடந்தாலும், ஒருவேளை உணவு மிகுதியாக இடப்பட்டாலும், ஒரு நாள் மின்சாரம் தடைப்பட்டாலும் அதன் விளைவு சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். கடல் தன் பருமனால் செய்யும் வேலையைத் தொட்டியில் மனிதன் தன் கவனத்தால் செய்ய வேண்டியிருக்கிறது.

இதனை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆன்னா தின் என்னும் மாது ஆவார். அவர் 1846ஆம் ஆண்டில் டார்க்கீ என்னும் கடற்கரை ஊரிலிருந்து சிறு கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். புதிய கடல்நீர் போதிய அளவு கிடைக்காமையால், இருந்த நீரையே பணிப்பெண் ஒருத்தியைக் கொண்டு திறந்த சாளரத்தின் அருகே பாத்திரத்திற்குப் பாத்திரம் நெடுநேரம் மாற்றி ஊற்றச் செய்து, அதில் காற்றுக் கலக்குமாறு செய்தார். பின்னர்க் கடற்பாசிகளையும் நீரில் சேர்த்தார். பவளங்கள் நெடுங்காலம் உயிர் வாழ்ந்தன.

நூறாண்டுகளுக்குப் பின், 1961இல், ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் தாம் கையாண்ட முறையை ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் விவரித்தார். கடலிலிருந்து எடுத்த உயிர்க் கற்கள், காற்றுக் குமிழிகள், போதிய ஒளி ஆகியவற்றைத் தவிர அவர் தொட்டியில் வேறு கருவிகள் அதிகம் இல்லை. கல்லின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்தன. இன்றைய பவளத் தொட்டிகள் பலவும் இக்கருத்தின் அடிப்படையிலேயே அமைந்துள்ளன.

பவளம் என்னும் உயிர்

பவளத்தைக் கட்டும் உயிரைப் பவளப் பூச்சி என வழங்குவது உண்டு. எனினும் அது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. கடற்சாமந்திக்கு உறவான மெல்லிய உடலுடைய உயிர். அது நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஈர்த்துத் தன் அடியில் கல்லாகப் படியவைக்கிறது. அதன் உடல் திசுக்களினுள்ளே நுண்ணிய ஓரணுப் பாசிகள் வாழ்கின்றன. அப்பாசிகள் ஒளியின் உதவியால் உணவைத் தயாரித்து அதில் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கின்றன. சில இனங்களில் தேவையான ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு வரை இவ்வாறு கிடைக்கிறது. பதிலுக்குப் பவளத்தின் கழிவுகள் பாசிக்கு உரமாகின்றன.

நீரின் தன்மை திடீரென மாறினால் இந்தக் கூட்டுவாழ்வு சீர்குலைகிறது. பவளம் பாசிகளை வெளியேற்றிவிட, வெண்ணிறக் கல்லெலும்பு மேலே தெரிகிறது. இதுவே 'வெளிறுதல்' எனப்படும். பாசி மீண்டும் குடியேறாவிடில் பவளம் பட்டினியால் மடியும்.

நிலைபேறு என்பது யாது?

நிலைபேறு என்றால் எதுவும் நிகழாத அமைதி எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. தொட்டியில் ஒவ்வொரு விநாடியும் மாறுதல் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. நீர் ஆவியாகிறது, மீன் கழிவை வெளியிடுகிறது, பவளம் சுண்ணாம்பை உண்கிறது. ஒரு குடும்பத்தின் வரவும் செலவும் ஒத்திருந்தால் கையிருப்பு மாறாதிருப்பது போல, தொட்டியிலும் ஒவ்வொரு பொருளின் வரவும் செலவும் ஒத்திருக்கும்போது அதன் அளவு நிலைத்து நிற்கிறது. ஆதலின் தொட்டியை வளர்ப்பவர் கேட்க வேண்டிய வினா, 'அளவு எவ்வளவு?' என்பதோடு நில்லாது, 'ஒரு நாளில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது?' என்பதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வாறு மூன்று கணக்குகளை நாம் ஆராய்வோம்.

முதற் கணக்கு: நீரும் உப்பும்

இயற்கைக் கடல்நீரில் ஆயிரம் பங்கிற்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உள்ளது. எனவே 200 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 7 கிலோகிராம் உப்பு இருக்கும். வெப்பமான நமது ஊர்களில் இத்தகைய தொட்டியிலிருந்து நாள்தோறும் 4 லிட்டர் நீர் ஆவியாவதாகக் கொள்வோம். நீர் மட்டுமே ஆவியாகும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஐந்து நாட்கள் கவனியாது விட்டால் 20 லிட்டர் குறைந்து, அதே 7 கிலோகிராம் உப்பு 180 லிட்டரில் அடங்கும். அப்போது உப்பளவு ஆயிரத்திற்கு ஏறத்தாழ 39 ஆகிவிடும்.

இங்கே இரண்டு பிழைகள் நேர்வதுண்டு. குறைந்த நீருக்குப் பதிலாக உப்புநீரையே ஊற்றுவது முதற் பிழை. அதனால் உப்பு மேலும் மிகும். ஈடுசெய்வதற்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். இரண்டாவது பிழை, ஐந்து நாட்களின் குறையை ஒரே முறையில் நிரப்புவது. ஐந்து நாட்களில் மெதுவாக ஏறிய உப்பளவு சில நிமிடங்களில் இறங்கிவிடுவதால், ஏற்றத்தைத் தாங்கிய உயிர்கள் இந்த இறக்கத்தைத் தாங்குவதில்லை. நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து, குறைந்த அளவை அன்றன்றே நிரப்புவது நலம். மிதவையுடன் கூடிய தானியங்கிக் கருவி கிடைப்பின் இன்னும் நன்று.

ஊற்றும் நன்னீரின் தூய்மையும் முக்கியமானது. குழாய் நீரில் குளோரினும், கிணற்று நீரில் பலவகை உப்புகளும், செப்புக் குழாயின் வழியே வரும் நீரில் செம்பும் இருக்கக்கூடும். செம்பு மிகச் சிறிய அளவிலும் முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்கு நஞ்சாகும். நாள்தோறும் 4 லிட்டர் ஊற்றினால் ஆண்டிற்கு 1,460 லிட்டர் ஆகும். அதாவது தொட்டியின் கொள்ளளவைப் போல் ஏழு மடங்குக்கு மேல். அந்நீரில் வந்த மாசு ஆவியாகாமல் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். இதனாலேயே ஆர்.ஓ. முறையில் வடித்து, எஞ்சிய உப்பயனிகளையும் நீக்கிய நீரைப் பயன்படுத்துகின்றனர்.

இரண்டாம் கணக்கு: உணவும் கழிவும்

மீனுக்கு இடும் உணவிலுள்ள புரதம் இறுதியில் அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. அம்மோனியா கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இச்செயலை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் விளக்கினார். பிராணவாயு புகாத கல்லின் உட்துளைகளில் வாழும் பிற நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன.

இந்நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அதுவரை பொறுத்திருக்க மனமின்றி மீன்களை விடுவதே தொடக்க நிலையில் நேரும் பெரும் இழப்பிற்குக் காரணம். பின்னரும் ஒரே நாளில் பல மீன்களைச் சேர்த்தல் கூடாது. கழிவின் வரவு உயர்ந்த அளவிற்கு நுண்ணுயிர்களின் தொகை உயர்வதற்குக் காலம் வேண்டும்.

எஞ்சும் நைட்ரேட்டைக் குறைப்பதற்கு வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது வழக்கம். இதன் பயனைக் கணக்கால் அறியலாம். நைட்ரேட்டு வாரத்திற்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் கூடுவதாகக் கொள்வோம். அளவு 2 மில்லிகிராமாக இருக்கும்போது நீர்மாற்றத்தால் 0.2 மட்டுமே நீங்கும். வரவு மிகுதி, ஆகவே அளவு ஏறும். 5 ஆகும்போது 0.5 நீங்கும். 10 ஆகும்போது 1 மில்லிகிராம் நீங்கும். அதாவது வந்த அளவே போகும். அங்கே ஏற்றம் நின்றுவிடும். இதுவே அத்தொட்டியின் நிலைபேற்றுப் புள்ளி. உணவை இருமடங்காக்கினால் அப்புள்ளி 20க்கு நகரும். பாதியாக்கினால் 5க்கு இறங்கும். தொட்டி தனக்குரிய அளவைத் தானே தேடிச் செல்கிறது என்பதும், அதனை மாற்ற வேண்டுமாயின் வரவையோ செலவையோ மாற்ற வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முற்றிலும் இல்லாதிருப்பதே சிறப்பு என ஒரு காலத்தில் கருதப்பட்டது. அது சரியன்று. பவளத்தினுள் வாழும் பாசிக்கு இவை இரண்டும் சிறிதளவு தேவை. இரண்டும் அற்றுப்போன நீரில் பவளம் வெளிறுவதும், நீக்குவதற்கரிய வேறு நுண்பாசிகள் பரவுவதும் உண்டு.

மூன்றாம் கணக்கு: சுண்ணாம்பும் காரத்தன்மையும்

கற்பவளம் வளரும் தொட்டியில் மிக விரைவாக மாறுவது இக்கணக்கேயாகும். பவளம் தன் எலும்பைக் கட்டுவதற்குக் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் நீரிலிருந்து ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் எடுத்துக்கொள்கிறது. பைகார்பனேட்டின் அளவையே காரத்தன்மை என்னும் சோதனையால் பெரும்பாலும் அறிகிறோம். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கால்சியம் உள்ளது, காரத்தன்மை 'டி.கே.எச்.' என்னும் அளவில் ஏறத்தாழ 7 ஆகும். காரத்தன்மை 2.8 குறையும்போது கால்சியம் 20 மில்லிகிராம் குறையும்.

இவ்விகிதத்திலிருந்து ஒரு முக்கிய உண்மை பெறப்படுகிறது. காரத்தன்மை 7இலிருந்து 3.5க்கு, அதாவது பாதியாக, வீழ்ந்தாலும் கால்சியம் 25 மில்லிகிராம் மட்டுமே குறைந்திருக்கும். அது நூற்றுக்கு 6 பங்குதான். கால்சியத்தை மட்டும் சோதித்துப் பார்ப்பவர் தொட்டி நலமாயிருப்பதாகவே எண்ணுவார். பவளமோ பெருந் துன்பத்தில் இருக்கும். கால்சியம் பெருஞ்செல்வம் போன்றது. காரத்தன்மை கைச்செலவுக்கான சிறு பணம் போன்றது. முதலில் தீர்வது சிறு பணமே. எனவே அடிக்கடி சோதிக்க வேண்டியது காரத்தன்மையாகும்.

செலவை அறியும் முறை எளிது. எதையும் சேர்க்காமல், மூன்று நாட்கள் ஒரே நேரத்தில் காரத்தன்மையைச் சோதித்துக் குறித்துக்கொள்க. நாளொன்றுக்கு 1 வீதம் குறைகிறதாயின், 200 லிட்டர் தொட்டிக்கு நாள்தோறும் ஏறத்தாழ 6 கிராம் சமையல் சோடாவும், அதற்கு இணையாக 1.4 கிராம் கால்சியம் தரக்கூடிய கால்சியம் குளோரைடும் தேவைப்படும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கரைத்தல் ஆகாது. கரைசல் வெண்மையாகிச் சுண்ணாம்பு படிந்துவிடும். தனித்தனியே கரைத்து, வேறு வேறு நேரங்களில், நீரோட்டம் மிகுந்த இடத்தில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

மற்றொரு முறை, தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பயன்படுத்துவது. இதில் கால்சியமும் காரத்தன்மையும் பவளம் செலவிடும் அதே விகிதத்தில் அமைந்துள்ளன. மேற்கூறிய செலவை ஈடுசெய்ய ஏறத்தாழ 1¾ லிட்டர் போதும். நாள்தோறும் ஆவியாகும் 4 லிட்டருக்கு ஈடாக ஊற்றும் நன்னீரில் இதனை அடக்கிவிடலாம். முதற் கணக்கும் மூன்றாம் கணக்கும் ஒருங்கே நேராகின்றன. ஆயின் சுண்ணாம்பு நீர் கடுமையான காரம். ஒரே தடவையில் கொட்டினால் தொட்டி முழுவதும் அழியும். இரவில் துளித்துளியாக விட வேண்டும். வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பு இதற்கு உதவாது. தூய்மை உறுதி செய்யப்பட்ட கால்சியம் ஹைட்ராக்சைடையே கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தல் கூடாது. பவளம் வளர வளர அதன் செலவும் வளரும். சென்ற ஆண்டு சரியாக இருந்த அளவு இவ்வாண்டு போதாது. கருவியை ஒருமுறை அமைத்துவிட்டுக் கவனியாதிருப்பவரின் தொட்டி, அதன் வெற்றியினாலேயே தோல்வியுறும்.

பி.எச். பற்றிய குழப்பம்

புதியவர்கள் பலர் பி.எச். அளவைக் கண்டு அஞ்சி, அதனை உயர்த்தும் மருந்துகளை வாங்கி ஊற்றுகின்றனர். பகலில் பாசிகள் கரியமில வாயுவை உட்கொள்வதால் பி.எச். உயர்கிறது, இரவில் எல்லா உயிர்களும் அவ்வாயுவை வெளிவிடுவதால் தாழ்கிறது. விடியற்காலையில் 7.9ஆகவும் பிற்பகலில் 8.3ஆகவும் இருப்பது இயல்பே. குளிர்சாதனத்திற்காகக் கதவுகளை அடைத்துவைத்த அறையில், மனிதர் விடும் மூச்சினால் கரியமில வாயு மிகுந்து, பி.எச். மேலும் தாழும். சாளரத்தைத் திறப்பதே அதற்கு ஏற்ற மருந்து. காரத்தன்மை சரியாக இருக்கும்போது மருந்தை ஊற்றினால் காரத்தன்மை அளவுக்கு மேல் ஏறுமேயன்றி, கரியமில வாயு குறையாது.

வெப்பமும் மின்தடையும்

பவளத் தொட்டியின் உஷ்ணநிலை 25 முதல் 27 டிகிரி செண்டிகிரேடு வரை இருத்தல் நலம். நம் நாட்டின் கோடையில் அறையின் உஷ்ணநிலையே 35 டிகிரியைக் கடக்கிறது. நீர்ப்பரப்பின் மேல் விசிறியைச் சுழலவிடுவது எளிய உபாயம். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் செலவாகிறது. வெளியிலிருந்து வெப்பம் புகாதிருப்பின் 200 லிட்டர் நீரை அது 2.9 டிகிரி வரை குளிர்விக்கக் கூடும். ஆனால் ஆவியாதல் மிகுவதால் உப்பளவும் விரைவாக ஏறும். ஒரு கணக்கைத் திருத்தும்போது மற்றொரு கணக்கு மாறுவதற்கு இது நல்ல உதாரணம். மழைக்காலத்தில் காற்று ஈரமாயிருக்கையில் விசிறியால் பயன் குறைவு. அப்போது குளிரூட்டும் கருவி தேவைப்படும்.

நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள பிராணவாயுவும் குறைகிறது. கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 டிகிரியில் 6.2 மட்டுமே. கோடை இரவில் மின்சாரம் நின்று, நீரோட்டமும் நின்றுவிட்டால், மீன்கள் மூச்சுத் திணறி மடிவதற்குச் சில மணி நேரமே போதும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுக் குழல் ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது, விலையுயர்ந்த வேறு பல கருவிகளை வாங்குவதிலும் சிறந்தது.

திருத்தத்தால் வரும் தீங்கு

சோதனையில் தவறான அளவு தென்பட்டவுடன் அன்றைக்கே அதனைச் சரிசெய்துவிட வேண்டும் என்னும் ஆவல் இயல்பானது. அதுவே பல தொட்டிகளை அழிக்கிறது. பல வாரங்களாகத் தாழ்ந்த காரத்தன்மைக்குப் பழகிவிட்ட பவளத்தை ஒரே மாலையில் உயர்ந்த அளவிற்குக் கொண்டுசென்றால் அதன் திசு உரிந்துவிடும். முதலில் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து, பிழை சோதனையில் இல்லை என்று தெளிய வேண்டும். பின்னர்க் காரத்தன்மையை நாளொன்றுக்கு 1 டி.கே.எச். அளவிற்கும், உப்பை ஆயிரத்திற்கு 1 பங்கிற்கும் மேற்படாமல் மாற்ற வேண்டும் என்பது அனுபவம் மிக்கவர்கள் கைக்கொள்ளும் விதி. அம்மோனியா பெருகுதல், நஞ்சு கலத்தல், பிராணவாயு குறைதல் ஆகியவற்றிற்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அவற்றில் விரைவே உயிர் காக்கும். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழி, 200 லிட்டரில் போடுவோருக்கு இன்னும் பொருத்தமுடையது.

நம் நாட்டில் கவனிக்க வேண்டியவை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், குழற்பவளம், கடல்விசிறி ஆகியனவும் 2001இல் சேர்க்கப்பட்டன. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் குற்றமாகும். இறந்த பவளக் கல்லும் இதற்கு விலக்கன்று. எனவே நம் வாசகர்கள் சுட்ட களிமண்ணாலோ சிமெண்டாலோ செய்த துளையுள்ள கற்களைக் கொண்டு தொட்டியை அமைக்கலாம். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன் முதலிய அழகிய மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறைகளை உருவாக்கியுள்ளது. இவ்வாறு வளர்க்கப்பட்ட மீன்களையே வாங்குவது கடலுக்கும் நன்மை. அவை தொட்டி வாழ்வுக்குப் பழகியவையாதலால் வாங்குவோருக்கும் நன்மை. கற்பவளம் இல்லாத தொட்டியில் மூன்றாம் கணக்கின் செலவு மிகக் குறைவு; வாராந்தர நீர்மாற்றமே அதனை ஈடுசெய்துவிடும். முதலிரு கணக்குகளும் வெப்பத்தைப் பற்றிய எச்சரிக்கையும் அப்படியே பொருந்தும்.

இப்பாடத்தின் பயன் தொட்டியோடு முடிவதன்று. லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. கடல்நீரின் உஷ்ணநிலை வழக்கமான கோடை உச்சத்திற்கு மேல் 1 டிகிரி உயர்ந்து சில வாரங்கள் நீடித்ததே இத்தகைய வெளிறுதலுக்குப் போதுமானது. உலகளாவிய நான்காவது வெளிறுதல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் உறுதி செய்தனர். 1 டிகிரி என்பது செய்தித்தாளில் படிப்போருக்கு அற்பமாகத் தோன்றலாம். தொட்டியின் அருகே உஷ்ணமானியுடன் ஒரு கோடையைக் கழித்தவருக்கு அதன் பொருள் நன்கு விளங்கும். தொட்டியில் நேர்ந்த குறையை ஒரு குடம் நீரால் நாம் ஈடுசெய்யலாம். கடலுக்கு அவ்வாறு ஊற்றுவார் ஒருவருமில்லை.

தொட்டி அமைக்க விரும்புவோர் கருவிகளை வாங்குமுன் ஒரு குறிப்புப் புத்தகத்தை வாங்குவாராக. நாள், நேரம், உஷ்ணநிலை, உப்பளவு, ஊற்றிய நன்னீர், இட்ட உணவு ஆகியவற்றை அதில் ஒரு மாதம் தவறாது குறித்துவரின், தம் தொட்டியின் வரவும் செலவும் அவருக்குத் தெளிவாகப் புலப்படும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்கள் கூடி இதனைச் செய்யின், இரசாயனமும் உயிரியலும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை அவர்கள் நேரிலேயே காண்பர்.